மனை எண் இருபத்தேழில் சாகுபடி

அமிர்தவல்லி வாழ்க்கையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், காய்ந்த தரை. நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை, மாமியார் பீரோ சாவியைக் கொடுக்காமலே செத்துப்போனபோதுகூட ஏனென்று கேட்கவில்லை. எட்டு வயதிலிருந்து இருபத்தொரு வயதுவரை அடுத்தவர் கழனியில் குனிந்து நாற்று நட்டு, விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெந்து, வேப்பெண்ணெய் நாற்றத்தோடே வளர்ந்தவள், காலை வைத்தால் சில்லென்று, வெள்ளையாக, ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருக்கிற தரை ஒன்று சாவதற்குள் தனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதனால்தான், செய்யாற்றிலிருந்து வந்தவாசி போகிற சாலையில் பன்னிரண்டு பேருடைய கழனிகளைச் சேர்த்து வாங்கி, மண்ணடித்து, மனை பிரித்து, ஸ்ரீ அன்னலட்சுமி நகர் என்று வளைவு வைக்கிற ஆட்கள் வந்து நின்றபோது, புருஷன் வேதகிரியின் ஒன்றரை ஏக்கரையும் கொடுக்கச் சொல்லி மூன்று மாதம் அவனோடு பேசி, பிறகு மூன்று மாதம் பேசாமலிருந்து, கடைசியில் கொடுக்க வைத்து, அதே இடத்தில் இருபத்தேழாம் மனையை எடுத்து வீடு கட்டி, கூடம் முழுக்க இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை டைல்ஸ் போட்டாள். "உன் நெலத்துமேலதான்யா உக்காந்துனு இருக்கற, அது எங்க போயிடுச்சி?" என்றாள். அது எங்கும் போகவில்லைதான். வேதகிரிதான் செருப்புக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். பதினோரு வருஷமாக அவன் வீட்டில் வாயைத் திறந்து கேட்டது ஒரே கேள்வி, தட்டில் சோறு விழுந்ததும், "எந்த ஊர் அரிசி?" என்பான். கூட்டுறவுச் சங்கத்து ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்த அமிர்தவல்லி, "கவர்மெண்ட் ஊரு, துன்னு" என்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில், புரட்டாசி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை, வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த அமிர்தவல்லியின் கால் கூடத்தில் நனைந்தது. டைல்ஸ்மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அது எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை, வாசற்படியைத் தாண்டவில்லை, துடைப்பத்தால் தள்ளினால் தள்ளிய தூரம் போய்விட்டு மரியாதையாகத் திரும்பி வந்தது. பிளம்பரைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்து, இது குழாய்த் தண்ணீர் இல்லை அக்கா, கழனித் தண்ணீர் என்று சொல்லி, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் வெள்ளை சிமெண்ட் அடைத்த கோடுகளில் பச்சை எட்டிப் பார்த்தது. சாயங்காலம் அது கணுக்கால் உயரத்தில், கைதேர்ந்த பெண்கள் நட்டதுபோல வரிசை பிசகாமல் நின்றது. சுவரை அது ஒன்றும் செய்யவில்லை. வரிசை சுவர்வரைக்கும் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம், மிலிட்டரியிலிருந்து ஓய்வுபெற்று வந்து நகர் நலச் சங்கத்துக்குத் தலைவராகிவிட்ட மாசிலாமணி வீட்டுக் குளியலறையில் மிச்சத்தைத் தொடர்ந்தது. நகரில் நூற்றுப்பதினெட்டு வீடுகள். ஒரு வீடு பாக்கியில்லை.

முதல் இரண்டு நாள் எல்லோரும் அறுத்துப் பார்த்தார்கள். அறுத்தது விடிவதற்குள் அறுத்த இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் மருந்தடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சமையல் ரூமில் மருந்தடித்துவிட்டு உங்களுக்கு எங்கே சோறாக்குவது என்று அவர் மனைவியே கேட்டாள். நான்காம் நாள் திங்கட்கிழமை ஆகிவிட்டதால் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அன்னலட்சுமி நகர் நெல்லோடு குடித்தனம் பண்ணப் பழகியது. கட்டில்களுக்குக் கீழே செங்கல் வைத்தார்கள், ஃப்ரிட்ஜுக்குக் கீழே நாலு செங்கல் கூடுதலாக வைத்தார்கள், செருப்பை வாசலில் விடுவதோடு பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு உள்ளே வருவதும் விருந்தாளிகளுக்கு மரியாதையாயிற்று. சோபாவின் கைப்பிடியில் கொக்கு நின்றால் விரட்டுவதில்லை என்று ஆயிற்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வரப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைத்தான்.

ஏனென்றால் வரப்பும் வந்திருந்தது. மனை பிரித்தவர்கள் கயிறு பிடித்துச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். பழைய வரப்புகளுக்கு அந்தச் சதுரம் தெரியாது. அவை தம் பாட்டுக்கு வளைந்து நெளிந்து, ஒரு வீட்டுப் பூஜையறையில் புறப்பட்டு அடுத்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே நுழைந்து அதற்கடுத்த வீட்டுப் படுக்கையறையில் கட்டிலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போயின. மாசிலாமணியின் கட்டிலில் அப்படி ஒரு வரப்பு ஓடியதில், அவர் படுக்கிற பக்கம் வேதகிரியின் பழைய கழனியிலும், அவர் மனைவி படுக்கிற பக்கம் வேறொருவர் கழனியிலும் போய் விழுந்தது. "உம் புருஷன் எங்க கழனியிலதான் படுத்துனு இருக்கறாரு, குத்தகை குடுக்கச் சொல்லு" என்று அமிர்தவல்லி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்ல, "தூக்கினு போயி உங்க களத்துலயே போட்டுக்க அக்கா, கொறட்டையாவது கொறையும்" என்று அந்த அம்மாள் பதில் சொல்ல, அன்றைக்குத் தண்ணீர் வண்டி முழுக்கச் சிரிப்பாயிற்று. கடைசியில் எந்த வீட்டுக்குள் விளைகிறதோ அந்த வீட்டுக்கு, வரப்புமேல் விளைந்தால் பறவைக்கு என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்.

வேதகிரி பேச ஆரம்பித்தான். இதை நகரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கூடத்தில் நெல் விளைகிறபோது வாட்ச்மேன் பேசுவதா பெரிது. ஆனால் அமிர்தவல்லிக்கு அதுதான் நெல்லைவிட அதிசயமாக இருந்தது. காலையில் எழுந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும் வரப்புமேல் நடப்பான். டிவி பக்கம் பயிர் வெளுத்திருக்கிறது என்பான், ஃபேன் காற்றில் பூ கொட்டிவிடும் என்று ஃபேனை நிறுத்துவான், அவள் வியர்த்துப்போய் முறைத்தால், பத்து நாள் பொறுத்துக்கொள், பால் பிடிக்கிற சமயம் என்று பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வான். ஈரத்தில் அவள் கால்விரலிடுக்கு மறுபடி வெந்தது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு கட்டில்மேல் கால் நீட்டி உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்குப் பிறகு இந்த மனுஷன் இவ்வளவு பேசுகிறானே என்று சந்தோஷப்படுவதா, தரை போயிற்றே என்று அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

மார்கழி கடைசியில் நெல் முற்றியபோது இளம்பரிதி வந்தான். வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளன். கையில் கயிறு, நாலு முளைக்குச்சி, தராசு, படிவம். வருஷாவருஷம் கம்ப்யூட்டர் சில வயல்களைக் குலுக்கிப்போட்டு எடுக்கும், அந்த வயலுக்குப் போய் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அதில் விளைந்ததை மட்டும் அறுத்து அடித்து நிறுத்து எழுதவேண்டும், அதை வைத்துத்தான் மாவட்டத்தில் எவ்வளவு விளைந்தது என்று அரசாங்கம் தெரிந்துகொள்ளும். மனை போட்டவர்கள் அரசாங்கப் புத்தகத்தில் நிலத்தை மாற்றி எழுதாமல் விட்டிருந்ததால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அன்னலட்சுமி நகர் இன்னும் கழனிதான். போன வருஷங்களில் வந்து, வீடுகளைப் பார்த்து, பயிர் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பியவன், இந்தத் தடவை இருபத்தேழாம் மனை வாசலில் நின்று உள்ளே பொன்னாகச் சாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்ததும், இன்னொரு தடவை அலையவேண்டாம் என்கிற நிம்மதியில் பெருமூச்சு விட்டான்.

"உள்ள வரலாங்களா மேடம்? தென்மேற்கு மூலையிலேர்ந்து அளக்கணும்."

"அங்க பீரோ இருக்குது சார். கன்னி மூலை ஆச்சே."

"பீரோ இருக்கட்டும். கூரை இருந்தா அறுக்கக்கூடாதுன்னு விதியில எதுவும் இல்ல."

கயிறு கூடத்தில் புறப்பட்டு, படுக்கையறைக்குள் போய், சுவர் ஏறி இறங்கி, மாசிலாமணி வீட்டுக் குளியலறையில் முடிந்தது. அவர் குளித்து முடிக்கும்வரை அரசாங்கம் காத்திருந்தது. பதினைந்து கிலோ இருநூறு கிராம். நல்ல விளைச்சல், மனை போடுவதற்கு முந்தின வருஷம் வேதகிரி போட்ட அதே சன்ன நெல். பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் இளம்பரிதி கொஞ்ச நேரம் யோசித்து 'இதர' என்று எழுதினான். காயவைத்து மறுபடி நிறுத்துப் பார்க்க ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டிச் சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டான்.

அந்தப் பொங்கலுக்கு நகரில் ஒருவரும் ரேஷன் அரிசி வாங்கவில்லை. கடையைத் திறந்துவைத்துக்கொண்டு அமிர்தவல்லி காலி வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நல்ல மூட்டையும் மட்ட மூட்டையும் சேர்ந்து வந்தால் இரண்டையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்துதான் போடுவாள் அவள்; இல்லாவிட்டால் முதலில் வந்தவளுக்கு நல்லது, எனக்கு மட்டமா என்று கடைசியில் வந்தவள் சண்டைக்கு நிற்பாள். அந்த மாதம் கலப்பதற்கே வேலையில்லை. வேதகிரி சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தான். எந்த ஊர் அரிசி என்று கேட்கவில்லை.

நெல் மறுபடியும் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், யாரும் ஒரு படி விதைக்கு எடுத்து வைக்கவில்லை. தானாக வருகிறதற்கு விதை எதற்கு என்று கடைசி மணிவரை பொங்கித் தின்றார்கள். மாசியில் தண்ணீர் வற்றியது, தரை காய்ந்தது, அமிர்தவல்லி இரண்டு தடவை துடைத்துவிட்டு அதன்மேல் மல்லாந்து படுத்தாள். படுத்த முதுகுக்குக் கீழே ஏதோ புடைத்தது. இந்தத் தடவை வேர்க்கடலை, அந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை; ஏரி நிரம்பாத வருஷங்களில் வேதகிரியின் அப்பா போட்டது. செடி முற்றினதும் டைல்ஸை விரலால் தட்டினால் போதும், டப்பா மூடிபோலத் திறந்து, கொத்துக் கொத்தாகக் கொடுத்துவிட்டு, அதுவே மூடிக்கொண்டது. இளம்பரிதி அதையும் நிறுத்து எழுதி ஒரு பை கட்டிக்கொண்டு போனான். நகர் முழுக்க நாலு மாதம் வறுத்த வாசனை. ஈரமில்லாத அந்த ஒரு போகத்தை அமிர்தவல்லி வாய்விட்டுப் பாராட்டினாள்.

ஆடியில் தண்ணீர் திரும்பி வந்தது, அதோடு குண்டு நெல்லும் வந்தது. குட்டைப் பயிர், தடித்த தண்டு, உரம் கேட்கிற ரகம், ஐ.ஆர். எட்டு என்று வேதகிரி இலையைப் பார்த்தே சொன்னான், அவன் நடைபழகிய காலத்தில் அவன் தாத்தா போட்டது. இளம்பரிதி வந்து பன்னிரண்டு கிலோ என்று எழுதினான். அதற்கடுத்து வந்தது ஆறு மாதத்துச் சம்பா, தாத்தாவின் அப்பா காலத்தது. அது வளர்ந்தது, வளர்ந்தது, ஜன்னலைத் தாண்டி வளர்ந்தது, சீலிங் ஃபேனைச் சுற்றிக்கொண்டு தலை சாய்த்து நின்றது, வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கமுடியாமல் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் கூடத்தைத் தாண்ட அரைமணி ஆயிற்று. வைக்கோல் மலைபோலக் குவிந்தது, மாடு வைத்திருந்தவர்கள் நகரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நெல் ஐந்தரை கிலோ. அதற்கும் பின்னால், ஏரி வெட்டுவதற்கு முன்னாலிருந்த காலத்து வரகு வந்தது. சதுரத்துக்கு இரண்டு கிலோ. வேதகிரி ஒவ்வொரு கதிரையும் சொந்தக்காரனைப்போல முகவாயைத் தொட்டு விசாரித்தான். இப்போது அவன் பேசுவதை நிறுத்துவதே இல்லை.

நிலம் பின்னால் நடக்கிறது என்று நகரில் எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது, ஆனால் அதை ஒரு கவலையாக முதலில் பார்த்தவள் அமிர்தவல்லி. அவளுக்கு அது வரிசையிலிருந்து தெரிந்தது. சன்ன நெல்லின்போது கடைக்கு யாரும் வரவில்லை. குண்டு நெல்லின்போது பத்துப் பதினைந்து பேர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணெய்க்கு வந்தேன் அக்கா, அரிசி இருந்தால் அதையும் போடேன் என்றார்கள். சம்பாவின்போது பாதி நகர் நின்றது. வரகு அறுத்த மாதம் வரிசை கடையைச் சுற்றி வளைந்து கோயில்வரைக்கும் போயிற்று. முன்னோர்கள் என்ன தின்று எவ்வளவு பசியோடு இருந்தார்கள் என்று அந்த வரிசையின் வாலைப் பார்த்தே அவள் கணக்காகச் சொல்லிவிடுவாள். இளம்பரிதி வரகை எழுதிவிட்டு, அவள் வீட்டுக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஐந்து போகத்துக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டினான். கோடு மாடிப்படிபோல இறங்கி வந்து அட்டையின் அடி ஓரத்தில் முட்டி நின்றது.

"அடுத்தது இன்னா சார்?"

"இதுக்கு முன்னாடி இங்க யாரும் ஏர் ஓட்டல மேடம். காடுதான்."

பதினைந்தாம் நாள் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காரைமுள் முளைத்தது.

முள் நெல்லைப்போல இல்லை. அது சுவரை மதிக்கவில்லை. கதவு நிலையைப் பெயர்த்தது, சமையல் மேடையில் விரிசல் விட்டது, மாசிலாமணியின் கட்டிலைத் தூக்கிச் சாய்த்து அவரை வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ளியது. ஒரு வாரத்தில் ஏழு குடும்பங்கள் காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டன. சங்கக் கூட்டத்தில் மாசிலாமணி எழுந்து, எதிரி யாரென்று தெரிந்தால் தான் பார்த்துக்கொள்வதாகவும் ஆனால் இந்த விஷயத்தில் எதிரி நமக்குக் கீழேயே இருப்பதால் யோசிக்கவேண்டியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அமிர்தவல்லி கூட்டம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்தாள். வேதகிரி கூடத்தில் காரைமுள்ளின் பக்கத்தில் தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதற்குப் பூ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், வீடு போய்விடுமே, உனக்குப் பதறவில்லையா என்று. அவன் இல்லை என்றான். போகட்டும் என்றான். காடாகிவிட்டால் யாரும் அதை அளக்கமுடியாது, பிரிக்கமுடியாது, வளைவு வைக்கமுடியாது என்றான்.

"நான் விக்கச் சொன்னதுக்குத்தான் இத்தனையும்னு சொல்லு."

"ஆமா."

பதினோரு வருஷமாக எந்த ஊர் அரிசி என்று அவன் கேட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அவள் செங்கல்மேல் உயர்ந்து நின்ற கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வெந்துபோன காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள். தப்புதான், ஆனால் சேற்றில் நின்றது உன் கால் இல்லை என்றாள். நீ வரப்புமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றவன், நான் உள்ளே நின்றவள், உனக்கு அது பொன்னாகத் தெரியும், எனக்குப் புண்ணாகத் தெரியும் என்றாள்.

"ஒண்ணு கேக்கறேன் சொல்லு. அஞ்சு போகம் அது போட்டுச்சி, நாம துன்னோம். நாம எதுனா அதுக்குப் போட்டமா?"

"அதான் தானா வந்துச்சே."

"தானா எங்கிருந்துய்யா வரும்? உள்ள இருக்கறத எடுத்து எடுத்துப் போட்டுனு இருக்குது. ஒன்னோட அப்பன் வெச்சது, தாத்தன் வெச்சது, அவனுக்கும் அப்பன் வெச்சது. எல்லாம் தீந்து அடிமண்ணு வந்துடுச்சி. வெதைக்காம இருந்தா அது வேற இன்னா பண்ணும்?"

விதைப்பதற்கு இங்கே மண் எங்கே இருக்கிறது என்று வேதகிரி கேட்டான்; இதை அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான், ஏனென்றால் பதில் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். டைல்ஸ்மேல் கீரை விதை, வெந்தயம் எதைத் தூவினாலும் ஊறி அழுகிப்போயிற்று, அதை ஏற்கெனவே சிலர் செய்து பார்த்தாயிற்று. கொடுப்பதற்குத் திறந்த தரை வாங்குவதற்குத் திறக்கவில்லை.

அமிர்தவல்லி கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். கூடத்து நடுவில், அவள் தினமும் மூன்று தடவை துடைத்த இடத்தில், தலைக்குமேல் தூக்கி ஒரே போடு. டைல்ஸ் நட்சத்திரம்போல விரிந்தது. இரண்டாவது தடவை தூக்குவதற்குள் வேதகிரி எழுந்துவந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். "நடுவுல போடாத. ஓரத்துல நெம்பு, முழுசா வரும்" என்றான். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அவன் ஒவ்வொரு டைல்ஸாக ஓரத்தில் நெம்பி, மூலை உடையாமல் எடுத்து, கழுவி, துணியால் துடைத்து, அவளிடம் கொடுத்தான். அவள் அடுக்கினாள். கூடத்தில் முப்பத்தெட்டு டைல்ஸ், அவள் உடைத்த ஒன்றைத் தவிர முப்பத்தேழும் முழுசாக வந்தன. அடியில் மண், நீண்டநாள் போர்வைக்குள் கிடந்த முகம்போல வெளுப்பும் சுருக்கமுமாக இருந்தது.

விதைக்கு என்ன செய்வது என்கிறபோதுதான், முள்ளைப் பார்க்க வந்திருந்த இளம்பரிதிக்குத் தன் அலுவலக பீரோவுக்குப் பின்னால் அடுக்கிவைத்திருந்த துணிப்பைகள் ஞாபகம் வந்தன. காயவைத்து எடை போட்டபிறகு மாதிரியைச் சாகுபடிக்காரரிடம் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. யாரும் கேட்காததால் அவன் தரவில்லை. ஐந்து பைகள், ஐந்து போகம், சீட்டு ஒட்டி. நகரே இருபத்தேழாம் மனையில் கூடிவிட்டது. மாசிலாமணி சன்ன நெல்தான் என்றார், விளைச்சலில் அதை அடிக்க ஆளில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வரகு என்றார்கள், அவர்கள்தான் பெரும்பான்மை. மாட்டுக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டே சம்பா என்றார்கள். பிள்ளைகள் மல்லாட்டை என்றார்கள். வேதகிரி குண்டு நெல் பையைத் தடவிக்கொண்டிருந்தான். கை ஓங்கும் நிலைக்குப் போனபோது அமிர்தவல்லி, கடையில் வரிசை முறுக்கிக்கொண்டால் எதைச் செய்வாளோ அதைச் செய்தாள்; தார்ப்பாயை விரித்தாள், ஐந்து பையையும் அவிழ்த்துக் கொட்டினாள், முழங்கைவரை விட்டுக் கலந்தாள்.

இளம்பரிதி தலையில் கைவைத்துக்கொண்டு, விதையைக் கலக்கக்கூடாது மேடம், எதுவும் எதுவாகவும் வராது, இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்றான். வேதகிரிக்கும் கோபம்தான், பத்து வயதுப் பிள்ளைகூட மல்லாட்டையையும் நெல்லையும் ஒன்றாக விதைக்காது, ரேஷன் கடைக்காரிதான் செய்வாள் என்றான். "ஒருத்தருக்கும் கொறை இருக்காது" என்றாள் அவள், கடையில் எப்போதும் சொல்கிற அதே குரலில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் கூடத்துச் சேற்றில் தானே இறங்கி, கைநிறைய அள்ளி வீசினாள்.

மூன்றாம் நாள் அவள் வீட்டு முள் வாடியது. ஐந்தாம் நாள் கதவு நிலை பழைய இடத்துக்கு வந்து பொருந்தியது. சமையலறையிலும் படுக்கையறையிலும் தண்ணீர் வடிந்து, தரை உலர்ந்து, சில்லென்று வெள்ளையாக நின்றது. கூடம் மட்டும் கழனியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்திலிருந்து நகர் முழுக்கக் கடப்பாரைச் சத்தம்தான். ஒரு வீட்டுக்கு ஓர் அறை என்று ஆயிற்று. எந்த அறை என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. மாசிலாமணி வீட்டில் மனைவி சொன்னபடி, அவர் படுக்கிற அறை. விதை அமிர்தவல்லியின் தார்ப்பாயிலிருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி போயிற்று. காஞ்சிபுரத்துக்குப் போன ஏழு குடும்பங்களில் ஐந்து திரும்பி வந்தன.

முளைத்தது அந்த ஐந்தில் ஒன்றும் இல்லை. இலை நெல்லைப்போல இருந்தது, தண்டு வரகைப்போல ஒடுங்கி நின்றது, சம்பாவின் உயரம் இல்லை, குண்டு நெல்லின் குட்டையும் இல்லை, சரியாக அமிர்தவல்லியின் இடுப்பளவில் நின்றுகொண்டது, குனியவேண்டியிருக்கவில்லை. கதிர் செம்பு நிறம். மணியைப் பிளந்தால் லேசாக மல்லாட்டை வாசம். வேதகிரி இலையைத் தடவிப் பார்த்தான், வேரைப் பிடுங்கிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், அப்பா தாத்தா யார் பெயரும் வாயில் வரவில்லை. இப்படி ஒன்று இதற்கு முன்னால் இருந்ததே இல்லை, இனிமேல்தான் வரவேண்டியது என்று கடைசியில் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பயமும் நிறைய மரியாதையும் இருந்தன. இளம்பரிதி பயிரின் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு எடையை மட்டும் எழுதினான். ஒன்பது கிலோ நானூறு. கோடு மேலே திரும்பியிருந்தது, ரொம்ப இல்லை, ஒரு படி.

உமி நீக்கிய முதல் படியை அமிர்தவல்லி அடுப்பில் ஏற்றியபோது சமையலறையில் நிற்க இடமில்லை. மாசிலாமணி, அவர் மனைவி, இளம்பரிதி, தண்ணீர் பிடிக்கிற இடத்துப் பெண்கள் எல்லோரும் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நின்றார்கள். எத்தனை தண்ணீர் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நெல்லுக்கு ஒன்றுக்கு இரண்டரை என்றாள் ஒருத்தி, வரகுக்கு மூன்று என்றாள் இன்னொருத்தி, ஊறவைத்திருக்கவேண்டும் என்றாள் மற்றொருத்தி, விசில் விடலாமா கூடாதா என்பதில் இரண்டு கட்சியாகிவிட்டது. அமிர்தவல்லி யார் பேச்சையும் கேட்காமல் கண்ணளவாக ஊற்றி, மூடாமல், பக்கத்திலேயே நின்று கிளறினாள். கொதித்தது, பொங்கவில்லை, செம்பு நிறம் வெளுத்துச் சந்தனமாயிற்று, வாசனை எதையோ ஞாபகப்படுத்துவதுபோல வந்து எதையும் ஞாபகப்படுத்தாமல் நின்றது.

தட்டில் ஒரு கரண்டி போட்டு, உப்புக்கூடப் போடாமல், ஒரு வாய் அவளே முதலில் எடுத்து வைத்தாள். எல்லோரும் அவள் தாடையைப் பார்த்தார்கள். வேதகிரி அருகில் வந்து குனிந்தான்.

"எப்பிடி இருக்குது?"

அவள் மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள், மூன்றாவதையும் எடுத்தாள், பிறகு தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தபா இன்னும் ஒரு டம்ளர் தண்ணி கூட வெக்கணும்" என்றாள்.